தம்பியைச் சேர்த்த மீட்பு மையம்: ஓர் அக்காவின் மதிப்புரை

நீலகிரியில் பந்தலூர் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பியின் பேண்ட்டுகளை மூன்று வருஷத்தில் நான்கு தடவை இடுப்பில் பிடித்துத் தைத்திருக்கிறேன். 34 அங்குலம் இருந்தவன் 28-க்கு வந்து நின்றான். நான்காவது தடவை டேப்பைச் சுற்றும்போது நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டான். கை அப்படி நடுங்கியது. காலை ஒன்பது மணி. டாஸ்மாக் திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவன் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவேயில்லை. இவனை எங்கேயாவது சேர்த்தே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

அவனைச் சேர்த்த மையத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மத்திய அரசின் சமூகநீதி அமைச்சக மானியத்தில் நடக்கிற குடிப்பழக்க மீட்பு மையம், மலையிலேயே இருக்கிறது. பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். பெயர் வெளியே வந்தால் எந்த எஸ்டேட்டிலிருந்து யார் எந்த மாதம் போனார் என்று நாலு பேர் கணக்குப் போட்டுவிடுவார்கள். எங்களுக்கே அது நடந்தது. இப்படிப்பட்ட மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முந்தைய வருஷம் சமவெளியில் ஒரு தனியார் இடத்தில் சேர்த்தோம். நகையை அடகு வைத்து 25,000 ரூபாய் கட்டினோம். அறையில் வைத்துப் பூட்டினார்கள். டாக்டர் என்று யாரும் இல்லை. குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை ஏற்றிவிட்டு, "ரெண்டு நாள் கத்துவான், அப்புறம் சரியாயிடும்" என்றார்கள். இரண்டாம் நாள் ராத்திரி அவனுக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு விழுந்து கிடந்தவனை, பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டித் தட்டிச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை இந்த மையத்தின் டாக்டர்தான் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு ஜன்னி கண்டு, இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். "மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்னு ஊர்ல சொல்லுவாங்க. இவரு மாதிரி குடிச்சவங்க அப்படி விட்டா ஆபத்து" என்றார். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். வருஷக்கணக்கில் சோறில்லாமல் குடித்தவர் உடம்பில் பி1 சத்து வற்றிப்போயிருக்குமாம். அந்த நிலையில் சர்க்கரையை ஏற்றினால் மிச்சம் இருக்கிற சத்தும் அதற்கே செலவாகி மூளையைப் பாதிக்குமாம். முந்தின இடத்தில் ஏற்றிய அந்த வெறும் பாட்டில் என் கண் முன்னால் வந்து நின்றது. தம்பி மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அவளிடம் டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "சாப்பாட்டுல ஏதாவது கலந்து குடுத்தீங்களாம்மா?" கொடுத்திருந்தாள். "குடிப்பவருக்குத் தெரியாமல்" என்று விளம்பரம் செய்கிற பொடி. எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அவர் திட்டவில்லை. அந்த மாதிரிப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றார். குடித்தால் ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற டைசல்ஃபிரம் என்ற மாத்திரை நிஜமாகவே உண்டு, ஆனால் அதை எடுப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும், தெரியாமல் கொடுத்து மேலே குடித்துவிட்டால் நெஞ்சே நின்றுபோகலாம் என்றார். தம்பிக்கு ஈரல் கெட்டிருந்ததால் அந்த மாத்திரை வேண்டாம் என்று வேறு ஒன்று எழுதினார்.

இடத்தைப் பற்றி. பதினைந்து கட்டில், தகரக் கூரை. ஆடி மாசத்து மழையில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. தேவாலா, பந்தலூர் மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, போட்ட துணி ஐந்து நாளானாலும் காயாது. ஆகவே லுங்கி நாலாவது கொண்டுபோங்கள். வெந்நீர் காலையில் மட்டும். சாப்பாடு எளிமை, ஆனால் சூடாக வரும். புதன்கிழமை முட்டை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பைசா வாங்கவில்லை. பூட்டு இல்லை. போக வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இரண்டாம் வாரம் தம்பி பையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய் நின்றிருக்கிறான். காவலாளி அண்ணன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் பிளாஸ்கிலிருந்து கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தாராம். அவரும் ஏழு வருஷம் முன்னால் அதே வார்டில் படுத்தவர். சாயா குடித்துவிட்டு இவன் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

நாங்கள் சிலோனிலிருந்து திரும்பியவர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த குடும்பம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இந்த மலையில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அம்மா கொழுந்து பறித்தே விரல் கறுத்தவர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் லைன் வீட்டில், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடு. "லைன் ஆளுங்கன்னா குடிப்பாங்க" என்பதைச் சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில் சொல்வதையே விட்டுவிட்டோம். இந்த மையத்தில் முதல் நாள் பதிவேட்டில் எழுதும்போது ஒரு கேள்வி கேட்டார்கள்: எத்தனை மணிக்கு வேலை முடியும், முடிந்த பிறகு எஸ்டேட்டில் போக என்ன இடம் இருக்கிறது? தம்பி ரொம்ப நேரம் யோசித்தான். ஒன்றும் இல்லை என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கேள்விக்காகவே இவர்களைப் பிடித்துப்போயிற்று.

வரவேற்பறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று. எங்கள் லைனில் நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் கணக்கிலும் தம்பி ஒருவன்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தம்பி உள்ளே இருந்த இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தில் பிரச்சினை வந்தது.

நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும், யானையும் காட்டெருமையும் உடைந்த பாட்டிலில் காலை வெட்டிக்கொள்கின்றன என்று 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி முதலில் இங்கேதான் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பிக் கொடுக்கிற திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் 10 ரூபாய் என்றால் எங்கள் பிள்ளைகள் கண்ணுக்கும் அது 10 ரூபாய்தானே. தம்பி மகன் எட்டாம் வகுப்பு. அவனும் இன்னும் இரண்டு பையன்களும் ரோட்டோரத்திலும் தேயிலைச் செடிக்கு நடுவிலும் கிடக்கிற பாட்டிலைப் பொறுக்கியிருக்கிறார்கள். கடைக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். வெளியே நிற்கிற ஒரு ஆள் ஆறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போகும்போது வர்க்கி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது இவன் கணக்கு. ஒன்பது பாட்டிலைப் புத்தகப் பையில் வைத்தபடியே வகுப்புக்குப் போயிருக்கிறான். பை பெஞ்சிலிருந்து விழுந்து இரண்டு உடைந்தது. ஒரு பெண் பிள்ளையின் காலில் கண்ணாடி ஏறி மூன்று தையல்.

அந்தப் பிள்ளைக்கு வலித்தது நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் செய்தது இதுதான். மூன்று பேரையும் குடித்தார்களா என்று வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார்கள், எல்லோர் முன்னாலும். பிறகு, பஜாரில் கடை வைத்திருப்பவரின் மகனை எச்சரித்து அன்றைக்கே வகுப்பில் உட்கார வைத்தார்கள். எங்கள் பையனுக்குக் கெண்டைக்காலில் பிரம்படி, பத்து நாள் வரக்கூடாது, மறுபடி ஏதாவது என்றால் டி.சி. மூன்றாவது பையன் பனியர் என்கிற பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வருகிறவன், ஒன்பதாவது படிப்பவன். அவனுக்கும் அதே அடி, அப்பாவோடுதான் வர வேண்டும் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். தம்பி மனைவி போய்க் கேட்டபோது அலுவலக அறையில் கிடைத்த பதில்: "அப்பன் எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியும்மா."

அவள் அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். சனிக்கிழமை குடும்பத்தார் கூட்டத்துக்கு இருவரும் போனோம். குடிப்பவரின் வீட்டாருக்கென்று வாராவாரம் நடக்கிற கூட்டம் அது. அவள் வாயே திறக்கவில்லை, நான்தான் சொன்னேன். மையத்தில் ஆலோசனை சொல்கிற கவுன்சலர் மேடம் இளம் வயசுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது உங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லக்கா, எங்க வேலையும்தான். பையன் படிப்பு நின்னுட்டா உங்க தம்பி வெளிய வந்து நிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

தலைமையாசிரியர் அறையில் நானும் இருந்தேன். மேடம் குரலை உயர்த்தவில்லை. முதலில் காயம்பட்ட பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு இரண்டு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு, அடிப்பதும் மனசை நோகடிப்பதும் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2003-இல், விதியைத் திருத்திப் பிரம்படியை எடுத்துவிட்டார்களாம். பதினெட்டு வருஷமாகச் சீருடை தைக்கிறேன், எனக்கு இது தெரியாது. தலைமையாசிரியருக்குத் தெரிந்திருந்தது என்று அவர் முகத்தைப் பார்த்தே புரிந்தது. அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். நானூறு பிள்ளைகள், ஆலோசகர் யாரும் இல்லை, பெற்றோர் வந்து சண்டை போட்டால் அவர்தான் நிற்க வேண்டும். "நான் என்னதான் செய்யணும்ங்கறீங்க?" என்று அவர் கேட்டது மனசிலிருந்து வந்த கேள்வி.

அதற்கு மேடத்திடம் ஒரு பதில் இருந்தது. மறுநாள் மதியம் நூலக அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். எங்கள் பையன், பஜார் கடைக்காரர் மகன், காயம்பட்ட பிள்ளை, அவள் அம்மா, வகுப்பு ஆசிரியை, தலைமையாசிரியர், நான், தம்பி மனைவி. மூன்றே கேள்விதான், ஒவ்வொருவரிடமும்: என்ன நடந்தது? யாருக்கு என்ன கஷ்டம்? இதைச் சரி செய்ய என்ன வேண்டும்? பையன் வர்க்கி விஷயத்தைச் சொன்னது அங்கேதான். அதுவரை யாரும் அவனிடம் ஏன் என்று கேட்கவேயில்லை. வகுப்பு ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். காயம்பட்ட பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: தையல் பிரிக்கிற வரை மகளால் மேட்டில் பை தூக்கிக்கொண்டு ஏற முடியாது, இவர்கள் தூக்கி வர வேண்டும். இரண்டு பையன்களும் முறை வைத்து எட்டு நாள் தூக்கினார்கள். எட்டாம் நாள் அந்த அம்மா இருவருக்கும் சுண்டல் கட்டிக் கொடுத்துவிட்டார். பத்து நாள் விலக்கு அன்றைக்கே ரத்தானது. இப்போது பையன் ஒன்பதாவது போகிறான்.

பனியர் பையனின் நாற்காலி அந்த வட்டத்தில் காலியாக இருந்தது. அவன் அப்பா குடகில் இஞ்சி வேலையில் இருக்கிறார், பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்க ஆளில்லை. மேடம் கையில் இருந்த தாளும் அவனுக்கு முழுதாக உதவவில்லை. வெளியேற்றக் கூடாது என்கிற அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, அவன் ஒன்பது. அவன் வீட்டுக்கு மூன்று தடவை போனார்கள். மூன்றாவது தடவை அவனும் இஞ்சிக்குப் போய்விட்டான். மையத்தில் பனியர் பேச்சு தெரிந்த பணியாளர் ஒருவர்கூட இல்லை. அவன் பாட்டியிடம் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். பாட்டி எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டினாராம். மையத்தைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். இந்த மலையில் பனியரும் காட்டுநாயக்கரும் குரும்பரும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பேசுகிற ஒருவரை வேலைக்கு வைக்காமல் அவர்களுக்கு எப்படி உதவ முடியும்? மேடத்திடம் சொன்னேன். தானும் எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

இன்னும் குறைகள் உண்டு. பெண்களுக்குப் படுக்கை இல்லை. எங்கள் பக்கத்தில் குடிக்கிற பெண்கள் இல்லாமலில்லை, அவர்களை எங்கே அனுப்புவது? மாலை ஐந்துக்கு மேல் போனை எடுப்பதில்லை, குடிகாரர் வீட்டில் சண்டை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். மானியம் தாமதமாக வருவதால் பணியாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் நிற்கிறது. மேடம் ஒப்பந்தத்தில் இருக்கிறார், அடுத்த வருஷம் அவர் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு மறுநாள் தம்பி குடித்துவிட்டான். நான்கு மாசம் தாங்கியவன். இரண்டு நாள் விடாமல் குடித்தான். மையத்துக்கு மறுபடி கூட்டிப் போகும்போது, திட்டி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். டாக்டர் அவனைப் பார்த்து, "வந்துட்டீங்கல்ல, நல்லது" என்றார். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்கிற, குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற கூட்டத்துக்குத் தவறாமல் போகிறான். அங்கே காசு கேட்பதில்லை, முழுப்பெயர்கூடக் கேட்பதில்லை. "இன்னைக்கு ஒரு நாள்" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறார்கள். பங்குனியில் அவன் பேண்ட்டைப் பிரித்து 31 ஆக்கினேன். உள்தையலில் துணி விட்டு வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கலாம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் அந்தக் காலி நாற்காலிக்காகக் குறைத்தது.

தேவைப்படுகிறவர்களுக்கு: 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் பக்கத்தில் உள்ள மானிய மையத்தைச் சொல்வார்கள். அரசு மருத்துவமனைகளிலும் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள், அங்கேயும் கேளுங்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, ராத்திரி நர்ஸ் உண்டா, கதவைப் பூட்டுவார்களா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அடியோ விலக்கோ நடந்தால் 1098. சேர்க்கப் போகும்போது ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு, கம்பளி, லுங்கி. ஷேவ் செய்த பிறகு பூசுகிற லோஷன் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருக்கும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பையனுக்கு மட்டும் எடுத்தால் போதும். மழைக்காலத்தில் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள்.